தட்டு ஒருவழியாக வட்டமாக வந்தது: எண்டர்பிரைஸ் வரைபட ஒப்பீடு, இதுவரை

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, ஃபிரான்ஸ் ஜோசப் வரைந்த மேல்பார்வைப் படத்தில் எண்டர்பிரைஸ் விண்கப்பலின் தட்டு (முன்பக்கத்து வட்டப் பகுதி) அச்சு அசலாக வட்டத்தில் உட்கார்ந்தது. மூன்று வாரமாக இதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் எது என்று சொல்லத் தேவையில்லை. 1966-69 ஸ்டார் டிரெக் தொடரில் வந்த, மேட் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த, 1701 என்ற எண் தாங்கிய பழைய கப்பல்தான்.

வேலை இதுதான். 1975-இல் வெளிவந்த ஃபிரான்ஸ் ஜோசப்பின் 12 தாள் வரைபடத் தொகுப்பு, பிற்காலத்தில் ரசிகர்கள் வரைந்த இரண்டு தொகுப்புகள், கையில் இருக்கும் இரண்டு கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல்கள் (ஏஎம்டியின் பழைய 18 அங்குலம், போலார் லைட்ஸின் 1/350). இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, படப்பிடிப்பில் பயன்பட்ட 11 அடி மாடலுக்கு எது நெருங்கி வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் முறை வைத்துப் பார்த்தபோது ஃபிரான்ஸ் ஜோசப்பின் தாளில் கப்பல் நெடுக்கே குட்டையாகத் தெரிந்தது. "அவரே தப்பாக வரைந்துவிட்டார்" என்று இரண்டு நண்பர்களிடம் சொல்லியும் விட்டேன். சொன்னது தவறு. அவர்களிடம் பேசித் திருத்தியாகிவிட்டது.

கப்பலின் நீளம் 947 அடி, தட்டின் விட்டம் 417 அடி. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 2.27. எந்த அளவில் அச்சிட்டாலும் இந்த விகிதம் மாறக்கூடாது. ஆனால் நீளத்தை அளப்பதற்கு முன்னால் தட்டைத்தான் அளக்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மேலிருந்து பார்த்தால் தட்டு வட்டம், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அப்படியானால் ஒவ்வொரு மேல்பார்வைத் தாளிலும் ஓர் அளவுகோல் இலவசமாகவே கிடைக்கிறது. என் ஸ்கேனில் நெடுக்கே இருந்த விட்டம் குறுக்கே இருந்ததைவிட 0.8 சதவீதம் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். 1/350 கிட்டின் 82 செ.மீ. நீளத்தில் அது ஆறரை மில்லிமீட்டர்! நாசெல் (கப்பலின் இரு பக்கமும் நீண்டிருக்கும் எஞ்சின் குழல்) முனை எங்கே முடிகிறது என்ற சண்டை முழுவதும் அந்த ஆறரை மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது.

பிழை ஸ்கேனரிலா, ஐம்பது வருடம் மடித்துக் கிடந்த தாளிலா? தாளை 90 டிகிரி திருப்பி மறுபடி ஸ்கேன் செய்தேன். குற்றம் தாளுடையது மட்டும் என்றால் நசுங்கல் தாளோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ஸ்கேனருடையது மட்டும் என்றால் அதே அளவில் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நின்றது, ஆனால் 0.4 சதவீதமாகக் குறைந்து நின்றது. ஆக இரண்டுமே காரணம். முதல் தடவை கூடி 0.8, இரண்டாவது தடவை ஒன்றையொன்று தின்று 0.4. கணக்குப் போட்டால் ஸ்கேனர் 0.6, தாள் 0.2. தாளை உருளையில் இழுத்துப் படிக்கும் பெரிய ஸ்கேனர் அது. கடைக்காரரிடம் சொன்னால் "கட்டட பிளானுக்கு எல்லாம் இதுவே போதும் சார்" என்கிறார். கட்டட பிளானுக்குப் போதும்தான். இனி சமதளக் கண்ணாடி ஸ்கேனரில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டப்போகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.

திருத்திய பிறகும் ஃபிரான்ஸ் ஜோசப்பின் நாசெல்களும் கீழ் உடலும் மாடலோடு ஒத்துப்போகவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கலிஃபோர்னியாவில் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த மனிதர், 'உள்ளே ஆட்கள் வாழும் கப்பல்' என்று நம்பி ஒவ்வொரு தளத்தையும் வரைந்திருக்கிறார். கட்டளை மேடையைப் பாருங்கள். மாடலில் லிஃப்டுக்கான புடைப்பு நேர் பின்னால் இருக்கிறது. செட்டிலோ லிஃப்ட் கதவு கேப்டனுக்குப் பின்னால் இடது பக்கம் தள்ளி இருக்கிறது. இரண்டையும் பொருத்த, மேடை முழுவதையுமே 36 டிகிரி இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். கேப்டன் கப்பல் போகும் திசையைப் பார்த்து உட்காரவில்லை என்று இன்றுவரை அதைத் திட்டுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தத் தொகுப்பிலேயே நேர்மையான கோடு அதுதான். முரண்பாட்டை மறைக்காமல் வரைந்து காட்டியிருக்கிறார்.

சரி, 'அசல்' எது? பைலட் படங்களில் (தொடருக்கு முன் எடுத்த சோதனை எபிசோடுகளில்) மேடைக் குவிமாடம் உயரம், முன்னால் இருக்கும் டிஷ் பெரியது, நாசெல் முன்முனையில் ஊசி. தொடருக்காக மாற்றியபோது குவிமாடம் தாழ்ந்தது, டிஷ் சிறியதானது, நாசெலின் பின்முனையில் உருண்டை வந்தது. பழைய காட்சிகளையே தொடரிலும் திரும்பத் திரும்பப் போட்டதால் ஒரே எபிசோடில் கப்பல் உருமாறும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தவர் எதை வரைந்தார் என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொன்று, மாடலின் மின்கம்பிகள் இடப்பக்கம் வெளியே வந்ததால் வலப்பக்கத்தை மட்டும்தான் படம் பிடித்தார்கள். இடப்பக்க நுணுக்கங்களை வரைந்திருப்பவர் எல்லாம் கண்ணாடிப் பிம்பத்தைத்தான் வரைந்திருக்கிறார்.

2018-இல் வாஷிங்டன் போயிருந்தபோது ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் அந்த மாடலின் முன்னால் மூன்று மணி நேரம் நின்றேன். 1974-இல் அவர்களிடம் வந்தது, 2016-இல் புதுப்பித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தட்டின் மேற்பரப்பில் இருப்பது அந்தக் காலத்துப் பெயின்ட். பென்சிலால் போட்ட கட்டக் கோடுகள் மூச்சுவிட்டால் அழிந்துவிடும் போல அவ்வளவு மெல்லியவை. 1991 புதுப்பிப்புக்குப் பிறகு எடுத்த படங்களை நம்பியவர்கள் அழுத்தமான கோடு போட்டு மாடல் செய்ததன் கதை நேரில் பார்த்ததும் புரிந்தது.

ஆனால் அன்று நான் எடுத்த படங்கள் அளப்பதற்கு உதவவில்லை. தட்டின் விட்டம் அந்த மாடலில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் நம் பக்க விளிம்பு மையக்கோட்டைவிட 75 செ.மீ. அருகில் இருக்கிறது, அதனால் ஏறத்தாழ 18 சதவீதம் பெரிதாக விழுகிறது. நாசெலும் அதே போல நம் பக்கம் தள்ளி நிற்பதால் உடலைவிடப் பெருத்துத் தெரியும். சில ரசிகர் வரைபடங்களில் நாசெல் நீண்டிருப்பது புகைப்படத்தின்மேல் தாள் வைத்து வரைந்ததால்தான் என்பது என் சந்தேகம். நாசெல் நீளத்தை மட்டும் 0.9-ஆல் பெருக்கிப் பார்த்தேன், ஒரு தொகுப்பு அப்படியே வந்து பொருந்தியது. கை தட்டத் தோன்றியது.

ஏஎம்டி கிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வடிவத்தில் பிழை நிறைய, நாசெல் தொங்கும், எல்லாம் தெரிந்ததே. ஆனாலும் 1967-இல் சிதைந்த கப்பலாகத் திரையில் வந்த கான்ஸ்டலேஷன் இதே கிட்தான், 1701-இன் எண்களை மாற்றிப் போட்டு 1017 ஆக்கினார்கள். அதனால் என் ஏஎம்டியைத் திருத்தப்போவதில்லை. பைலானுக்குள் (நாசெலைத் தாங்கும் கைக்குள்) 1.5 மி.மீ. பித்தளைக் கம்பி இறக்கி நிமிர்த்தினால் போதும். கம்பி கிடைத்துவிட்டது, டெக்கால்தான் (மாடலில் ஒட்டும் எண், எழுத்துத் தாள்) இழுக்கிறது. அனுப்பியவர் வெள்ளைக்குப் பதில் கறுப்பு எண்களை இரண்டு செட் அனுப்பியிருக்கிறார். தட்டில் கறுப்பு எண்தான் வேண்டும், கான்ஸ்டலேஷனுக்கும் அதுவே ஆகும், அதனால் திருப்பி அனுப்பவில்லை.

காணாமல் போயிருந்த 3 அடி மாடல் 2024-இல் ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ராடன்பெரியின் குடும்பத்திடம் திரும்பிவிட்டது. அதன் விகிதங்கள் 11 அடி மாடலிலிருந்து சற்றே வேறு. அதற்கு என் ஒப்பீட்டில் தனி அடுக்கு ஒன்று திறந்து வைத்திருக்கிறேன், இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை நிரப்புவதற்கு முன் பக்கப்பார்வைத் தாளை முடிக்க வேண்டும். அதில் வட்டம் இல்லை. தட்டின் நீளத்தை மேல்பார்வை விட்டத்தோடு ஒப்பிட்டு நெடுக்கைத் திருத்திவிடலாம், உயரத்துக்கு என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முன்பார்வையில் டிஷ் வட்டமாக வரும், அதை வைத்து உயரத்தைச் சரிபார்க்கலாம். நாளைக்கு அதை அளக்கிறேன்.