5 மீட்டர் ஹாலில் ஏர் பிஸ்டல்: டார்கெட்டைப் பாதியாக்கினால் போதாது

காற்றழுத்தத்தில் குண்டைத் தள்ளுகிற ஏர் பிஸ்டலுக்குப் போட்டித் தூரம் 10 மீட்டர். அவ்வளவு நேராகக் கிடைக்கிற வீடு அபூர்வம். 5 மீட்டர் எந்த ஹாலிலும் தேறிவிடும். வீட்டுக்குள் சுடுகிற ஆசை ஒன்றும் புதிதில்லை. 1845-லேயே பிரான்சில் ஃப்ளோபேர், வெடிமருந்து இல்லாமல் கேப் எனும் பற்றவைப்பு மூடியின் விசையில் மட்டும் குண்டைத் தள்ளுகிற சின்னத் தோட்டாவைக் கொண்டுவந்தார். இன்று அந்த இடத்தில் இருப்பது போட்டி ஏர் பிஸ்டல்: 4.5 மி.மீ. ஈய பெல்லட் (குண்டு), எடை அரை கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 150 மீட்டர், ஆற்றல் ஐந்தரை ஜூல் போல. குறைச்சல்தான். ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளம்.

பலரும் செய்கிற தப்பு, 10 மீட்டர் டார்கெட்டை அப்படியே 50 சதவீதத்துக்குச் சுருக்கி அச்செடுப்பது. கருவட்டத்துக்கு அது சரி. 59.5 மி.மீ. கருப்பு 29.75 ஆனால், கண்ணுக்கு அதே அளவில் தெரியும். புள்ளி எண்ணும் வட்டக்கோடுகளான ரிங்குக்குச் சரிவராது. டார்கெட் பாதியாகிறது, பெல்லட் பாதியாவதில்லையே! ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி உண்டு என்பதால், 10 மீட்டரில் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. 5 மீட்டரில் அது 4 மி.மீ. ஆக வேண்டும். பாதியாக்கிய 5.75 மி.மீ. ரிங்கில் 5.1 மி.மீ. தள்ளி விழுந்ததுகூடப் பத்தாகிவிடும். வீட்டில் நூற்றுக்கு 95 அடித்தவர் 10 மீட்டர் ரேஞ்சில் 90-க்குத் திண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு சுலபம். அசல் விட்டத்தில் பாதி எடுத்து, அதில் 2.25 மி.மீ. கழிக்கவும். பத்து 3.5, ஒன்பது 11.5, எட்டு 19.5, ஏழு 27.5. அதற்கு மேல் ஒவ்வொரு ரிங்குக்கும் 8 மி.மீ. கூட்டிக்கொண்டே போகலாம். கருப்பு மட்டும் 29.75-லேயே இருக்கட்டும். ஏர் ரைஃபிளுக்கு இந்தக் கணக்கு பத்தில் உடைந்துவிடும். அங்கே பத்து வெறும் 0.5 மி.மீ. புள்ளி, பாதியாக்கி 2.25 கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. ரைஃபிள்காரர்கள் 5 மீட்டரில் புள்ளி எண்ணாமல், ஐந்து குண்டுகளின் பரவலை மட்டும் அளப்பது நல்லது.

அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பை நீக்கிவிட்டு 100 சதவீதத்தில் எடுங்கள். எடுத்ததும் ஸ்கேல் வைத்துக் கருப்பை அளந்து பாருங்கள். சாதாரண ஏ4 தாள் கிழியும். ஓட்டை நட்சத்திரம் மாதிரி விரிந்துவிடும். 200 ஜி.எஸ்.எம். அட்டையில், தட்டைத் தலை பெல்லட்டால் சுட்டால், பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக விழும். டார்கெட்டின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். குறிபார்க்கும் பாகமான சைட் 5 மீட்டரில் சில கிளிக் (திருகின் ஒரு நகர்வு) மாறும். எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதி பிஸ்டல் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். 5 மீட்டரில் ஒரு கிளிக் நகர்த்துவது 10 மீட்டரில் நகர்த்துவதில் பாதிதான்.

குண்டு பிடிக்கும் பெட்டிக்கு 30 செ.மீ. ஆழமான அட்டைப்பெட்டி போதும். பழைய துணியைத் தளர்வாகப் போடக் கூடாது, காலால் மிதித்து அடைக்க வேண்டும். பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு கட்டாயம். ஒரே இடத்தில் நூறு குண்டு போனால் துணியில் சுரங்கம் விழுந்துவிடும். தகட்டில் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் துணியைக் கலைத்து மறுபடி அடைக்கும் நேரம் வந்துவிட்டது. இரும்பு உருண்டைக் குண்டு வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், திரும்பி வரும். டார்கெட் பக்கம் திறக்கிற கதவு எதுவானாலும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும். கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி போடாமல் சுட வேண்டாம்.

ஈயத்தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் கலந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாக வையுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் ஹாலை விட்டுவிட்டு மொட்டைமாடி அறையைப் பாருங்கள்.

போட்டியில் போல 60 குண்டும் சுட வேண்டும் என்றில்லை. முதலில் வெள்ளைச் சுவரைப் பார்த்து 40 டிரை ஃபயர் (குண்டில்லாமல் டிரிக்கரை மட்டும் இழுப்பது), பிறகு 20 குண்டு. டிரை ஃபயர் வசதி உள்ள அழுத்தக் காற்று பிஸ்டலுக்குத்தான் இது. ஸ்பிரிங் வகையை பெல்லட் இல்லாமல் சுட்டால், எதிர்க்காற்று இல்லாததால் பிஸ்டன் முன்சுவரில் நேராக மோதி சீல் போய்விடும். காற்று சிலிண்டரில் பொறித்திருக்கிற தேதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியது போட்டிக்கும் ஆகாது, வீட்டில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பி வைக்கவும் ஆகாது.