இதில் உயிரோடு இருப்பவர் யார்?

கலிபோர்னியாவின் ஓக்லண்டை ஒட்டிய ஒரு பொது நூலகக் கிளையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். புத்தகம் கொடுத்து வாங்குவது, திரும்பி வந்ததை அலமாரியில் அதனதன் இடத்தில் வைப்பது, மாதம் ஒரு முறை வாசகர் வட்டம் நடத்துவது என்று வேலைகள். வாசலுக்கு எதிரே இருக்கிற காட்சி மேசையும் என் பொறுப்புதான். மாதத்துக்கு ஒரு பொருள் எடுத்து, அதையொட்டிய புத்தகங்களையும் படங்களையும் அடுக்குவேன். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது.

அமெரிக்காவில் நவம்பர், பூர்வகுடி மரபு மாதம். 1990இல் இருந்து அப்படி அனுசரிக்கிறார்கள். ஒரு வருஷம் அந்த மேசைக்காக ஒரு வாரம் உழைத்தேன். மண் நிறத்தில் துணி விரித்து, எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த பழைய புகைப்படங்களைப் பெரிதாக அச்செடுத்து நிறுத்தினேன். இறகுக் கிரீடம் வைத்த தலைவர்கள், குதிரைமேல் வரிசையாகப் போகிறவர்கள், கம்பளி போர்த்திய ஒரு கிழவி. பார்த்தவர்கள் எல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள்.

வாசகர் வட்டத்துக்குத் தவறாமல் வரும் ஒரு அம்மா மட்டும் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். எழுபதை நெருங்குபவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். லக்கோட்டா. பூர்வகுடி இனங்களில் ஒன்று அது. அவருடைய அப்பாவும் அம்மாவும் 1950களில் தெற்கு டகோட்டாவின் ஒரு ரிசர்வேஷனிலிருந்து, அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதியிலிருந்து, இங்கே வந்தவர்கள். "கை வேலை நன்றாக இருக்கிறது" என்றார். அப்புறம், "இதில் உயிரோடு இருக்கிறவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை, விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை.

அன்று ராத்திரி கர்ட்டிஸைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளாகப் பூர்வகுடிகளைப் படம் எடுத்து வெளியிட்டவர். பெரிய உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய ஒரு படத்தின் கதை என்னைத் தூங்கவிடவில்லை. பீகன் என்ற பூர்வகுடி இனத்தாரின் கூடாரம் ஒன்றுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நெகட்டிவில் அவர்கள் நடுவே ஓர் அலாரம் கடிகாரம் இருக்கிறது. அச்சான படத்தில் அதை அழித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் அவர்கள் வாங்கி வைத்த கடிகாரம். அது இருந்தால் அவர்கள் நம் காலத்து மனிதர்கள் ஆகிவிடுவார்கள், அவ்வளவுதான் காரணம். நான் அந்தப் படத்தை மேசையில் வைத்திருக்கவில்லை. இருந்தாலும் மேசை முழுக்க அதே வேலையைத்தான் செய்திருந்தேன்.

மறுநாள் அலமாரிகளுக்கு இடையே நடந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்களுடையது டியூயி தசம முறை, பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்குவது. பூர்வகுடிகள் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை 970இல், வட அமெரிக்க வரலாற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்றைய தண்ணீர் உரிமை வழக்கைப் பற்றி ஒருவர் எழுதினாலும் வரலாறு, பாட்டியிடம் கற்ற பாசிமணி வேலையைப் பற்றி எழுதினாலும் வரலாறு. பதினோரு வருஷமாக என் கையாலேயே அவர்களைக் கடந்த காலத்தில் கொண்டுபோய் வைத்து வந்திருக்கிறேன். கனடாவில் பிரையன் டியர் என்ற மோஹாக் இனத்து நூலகர் 1970களிலேயே இதற்கு மாற்றாக ஒரு பகுப்பு முறையை உருவாக்கியிருக்கிறார். எந்த இனம் எந்த இனத்துக்கு அண்டை என்பதைப் பார்த்து அடுக்கும் முறை அது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்த மாத வாசகர் வட்டத்துக்குப் புத்தகத்தைச் சொன்னது அந்த அம்மாதான். டாமி ஆரஞ்சின் 'தேர் தேர்'. 2018இல் வந்த நாவல். ஆரஞ்ச் செயென், அரபாஹோ இனத்தவர், ஓக்லண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கதையும் இங்கேதான் நடக்கிறது. நாங்கள் தினமும் கடக்கும் தெருக்கள், ஏறி இறங்கும் பார்ட் ரயில், கொலிசியம் மைதானம். பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக வாழ்ந்துகொண்டு, கடைசியில் அந்த மைதானத்தில் நடக்கும் பவ்வாவில் வந்து சேர்கிறார்கள். பவ்வாவ் என்றால் பல இனத்தாரும் கூடி மேளம் கொட்டி ஆடும் பெருங்கூட்டம்.

ரிசர்வேஷனையும் குதிரையையும் எதிர்பார்த்துப் படித்தால் ஏமாற்றம்தான். இதில் வருகிறவர்கள் நகரத்துக்காரர்கள். அவர்கள் எப்படி நகரத்துக்கு வந்தார்கள் என்பதில் அரசாங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1952இல் தொடங்கிய இடமாற்றத் திட்டம் 1956இல் சட்டமாகவே ஆனது. ரிசர்வேஷனை விட்டுக் கிளம்பினால் நகரத்தில் வேலையும் வீடும் என்று சொல்லி, போவதற்கு மட்டும் டிக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். சிகாகோ, டென்வர், லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட் என்று போனார்கள். நகரத்தில் கரைந்து காணாமல் போய்விடுவார்கள் என்பது கணக்கு. போனவர்களோ ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஓக்லண்டில் 1955இலேயே எல்லா இனத்தாருக்குமான நட்பு இல்லம் ஒன்று எழுந்தது, இன்றும் இருக்கிறது. நாவலில் வருவது போன்ற பிள்ளைகளை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன் என்றார் எங்கள் வாசகர் வட்டத்து அம்மா. பள்ளிக்கூடத்தில் அவரை மெக்ஸிகோக்காரி என்றுதான் நினைத்தார்களாம்.

கூட்டத்தன்று ஒன்பது பேர் வந்திருந்தோம். பேச்சு ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு அங்கேயே நின்றது. ஆர்வில் என்ற பதினான்கு வயதுப் பையன், பெரியம்மா பாட்டி ஓபலின் அலமாரியில் இருந்த ஆட்ட உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் இடம். உடை அவனுக்குச் சின்னது. ஆட்டத்தை யாரும் சொல்லித்தரவில்லை, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டான். கண்ணாடியில் தெரிவது தானா, தன்னைப் போல வேஷம் போட்ட எவனோவா என்று அவனுக்கே புரியவில்லை. வட்டத்தில் ஒருவர், "இது உண்மையான மரபு ஆகாதே, வீடியோவில் பார்த்துக் கற்பது எப்படி மரபாகும்?" என்றார். நல்ல மனிதர். கேட்டதும் நல்ல எண்ணத்தில்தான்.

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என் அப்பாவிடம் ஒரு பாட்டு சொல்லித்தரச் சொல்லிக் கேட்டேன். ஒன்பது வயதிருக்கும் எனக்கு. எழுந்து வெளியே போய்விட்டார். விடுதிப் பள்ளியில் லக்கோட்டா பேசியதற்காக அவர் வாயில் சோப்பைத் திணித்திருக்கிறார்கள். அதை என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவர் செத்த பிறகு. அந்தக் காலத்தில் யூடியூப் இருந்திருந்தால் நான் ராத்திரி பகல் பார்த்திருப்பேன்."

அதற்கு மேல் யாரும் அந்தக் கேள்வியை எடுக்கவில்லை. 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், மொழியைத் தடுத்தார்கள் என்று பத்தி பத்தியாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் பாட்டு கேட்ட குழந்தையை விட்டுவிட்டு எழுந்து போகும் ஒரு தகப்பன், அந்தப் பள்ளிகள் மூடிய பிறகும் அவை எங்கே நடந்துகொண்டிருந்தன என்று எனக்குக் காட்டினார்.

அதனாலேயே நாவலில் எனக்கு ஓபல்தான் பெரிய பாத்திரம். தபால்காரி. தெருத்தெருவாக நடந்து கடிதம் போடுகிறவள். தங்கள் மரபைப் பற்றிக் கேட்கும் பேரப்பிள்ளைகளிடம் வாய் திறக்க மாட்டாள். சிறுமியாக இருந்தபோது அல்காட்ராஸ் தீவில் இருந்தவள் அவள். 1969 நவம்பரில் பூர்வகுடி இளைஞர்கள் அந்தப் பாழடைந்த சிறைத் தீவைக் கைப்பற்றி, 1971 ஜூன் வரை பத்தொன்பது மாதம் விடாமல் வைத்திருந்தார்கள். ஊரே கொண்டாடும் போராட்டம். ஆனால் ஆரஞ்ச் அதை ஒரு குழந்தையின் கண்ணால் காட்டுகிறார். குளிர், பசி, எப்போது வீட்டுக்குப் போவோம் என்ற நினைப்பு. பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடிய நினைவும் அவளுக்குக் காயமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் பிள்ளைகள் தப்பிப்பார்கள் என்று நம்புகிறாள். பிள்ளைகளோ கண்ணாடி முன்னால் போய் நிற்கிறார்கள்.

குறை இல்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேர் அதிகம். முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கி அச்சடிக்கும் பையன்களின் பகுதிகள் அவசரத்தில் எழுதியது போல இருக்கின்றன. பவ்வாவில் நடக்கும் துப்பாக்கிச்சூட்டை முதல் வாசிப்பில் என்னால் ஏற்கவே முடியவில்லை. இத்தனை பேரைச் சிரமப்பட்டு ஓரிடத்தில் கூட்டி வந்து இப்படியா என்று இருந்தது. இரண்டாம் முறை முன்னுரையிலிருந்து திரும்பப் படித்தேன். 1864இல் சாண்ட் கிரீக்கில் செயென், அரபாஹோ மக்களைப் படை சுட்டுக் கொன்றதை அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார். அந்தக் குண்டுகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன, கூடி நிற்கும் இடத்தில் வந்து விழுகின்றன என்று எனக்குப் பட்டது. இப்போது அந்த முடிவை ஏற்கிறேன். பிடித்திருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்த வாரம் விருதுநகரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தொடக்கத்திலேயே சொல் கிடைக்கவில்லை. "செவ்விந்தியர்னு படிச்சோமே, அவங்களாடி?" என்றாள். ஆமாம், ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது என்றேன். "பழங்குடின்னு சொல்லவா?" அதில் 'பழ' இருக்கிறது. பூர்வகுடி என்றால் பூர்வம், தொல்குடி என்றால் தொன்மை. நம்மைப் பற்றி நாமே சொல்லும்போது தொல்குடி என்பது பெருமை. அதே சொல்லை அவர்கள் மேல் வைத்தால் பழைய படத்துக்குச் சட்டம் போட்டது போல ஆகிவிடுகிறது. சொல்லில் குற்றமில்லைதான். இங்கே நம்மை யாரும் செத்துப்போனவர்களாக நினைப்பதில்லை, அதுதான் வித்தியாசம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டாள்: "அவங்கல்லாம் இப்பவும் இருக்காங்களா?"

இதை லக்கோட்டா அம்மாவிடம் சொன்னேன். சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னேன். "உன் அம்மாவிடம் லக்கோட்டா என்று சொல். அது எங்கள் பெயர், மொழிபெயர்க்க வேண்டியதில்லை" என்றார். அதிலிருந்து நான் எழுதும்போதும் பேசும்போதும் முடிந்தவரை இனத்தின் பெயரையே சொல்கிறேன். எல்லோரையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பூர்வகுடி என்கிறேன். அதைவிட நல்ல சொல் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

நாவலில் டீன் ஆக்ஸென்டீன் என்று ஒரு இளைஞன் வருகிறான். ஓக்லண்டில் இருக்கும் பூர்வகுடிகளைக் கேமரா முன் உட்காரவைத்து அவரவர் கதையைச் சொல்லவைக்க வேண்டும் என்பது அவன் மாமாவின் ஆசை, மாமா போன பிறகு அவனுடையது. நிதி கேட்டு ஒரு குழுவின் முன் நடுங்கிக்கொண்டே பேசுகிறான். கதை சொல்கிறவர்களுக்குப் பணம் தருவேன் என்கிறான். எங்கள் நூலகத்திலும் வட்டாரக் குரல்களைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்று உண்டு. பேசியவர்களுக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, காப்பிதான். டீனைப் படித்த பிறகு அது எனக்கு உறுத்த ஆரம்பித்தது. இரண்டு கூட்டங்களில் பேசி, மூன்றாவதில் ஆளுக்கு ஒரு பரிசு அட்டைக்கு ஒப்புதல் வாங்கினேன். பதிவின் பிரதி பேசியவருக்குக் கிடைக்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிட வேண்டும் என்று படிவத்திலும் இரண்டு வரி சேர்த்தோம்.

முதல் பதிவுக்கு லக்கோட்டா அம்மாவே வந்தார். சின்னப் படிப்பறை, ஒரு மைக், ஒரு தம்ளர் தண்ணீர். நான் வெளியே போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்டேன். இரு என்றார். ரிசர்வேஷனிலிருந்து தொடங்குவார் என்று நினைத்தேன். அவர், "முதலில் ஒன்று, இது எங்கள் நிலமும் இல்லை, ஒலோனி மக்களுடையது. நாங்கள் விருந்தாளிகள்" என்றார். எமரிவில்லில் ஷெல்மவுண்ட் என்றே ஒரு தெரு இருக்கிறது. ஒலோனி மக்கள் தங்கள் முன்னோரைப் புதைத்த சிப்பி மேடு இருந்த இடம். 2002இல் அங்கே ஒரு பெரிய கடைவீதி திறந்தார்கள். "கூட்டம் ஏறும் ஸ்டாப். கதவு திறக்கும்போதெல்லாம் மனதுக்குள் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுவேன். என்ன வார்த்தை என்று இதில் சொல்ல மாட்டேன்." அப்புறம் ஐம்பது நிமிஷம் பஸ்ஸைப் பற்றியே பேசினார். மழை நாட்கள், பிரேக், தூங்கிப்போன பிள்ளைகளை எழுப்பி இறக்கிவிட்டது. நடுவே லக்கோட்டாவில் இரண்டு வரி பாடினார். வயதான பிறகு வகுப்புக்குப் போய்க் கற்றதாம்.

அடுத்த நவம்பரில் மேசைக்கு நான் படம் தேடவில்லை. வருகிறவர்களைக் கொண்டுவரச் சொன்னேன். பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண், கொலிசியத்தில் கையில் ஹாட் டாக்குடன் ஒரு குடும்பம், மருத்துவமனைச் சீருடையில் அண்ணன் தம்பி இருவர். அம்மா கொண்டுவந்தது ஓரம் மடங்கிய ஒரு கலர் படம். 1980களில் எடுத்தது. ஸ்டீயரிங்கில் கை வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், இடது மணிக்கட்டில் பெரிய வாட்ச்.

"இதைப் பெரிசு பண்ணினால் முகம் கலங்கிவிடுமா?" என்று கேட்டார். கொஞ்சம் கலங்கும் என்றேன். "சரி, பரவாயில்லை, பண்ணு" என்றார்.