ராபர்ட் மோரிஸ்: கையெழுத்தே பணமாக ஓடிய காலம்

லிவர்பூலில் பிறந்து பிலடெல்ஃபியாவில் கப்பல் வியாபாரம் செய்தவர். 1781-ல் அமெரிக்காவின் நிதிக் கண்காணிப்பாளர் ஆனார். அரசு நோட்டை யாரும் சீந்தாத நேரம் அது. சொந்தப் பெயரில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார், கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிரிட்டனை எதிர்த்த சுதந்திரப் போரில் யார்க்டவுன் சண்டைக்குக் கிளம்பிய படைக்குச் சம்பளம் போட பிரெஞ்சுத் தளபதியிடம் 20,000 டாலர் நாணயம் கைமாத்து!

பிறகு செனட்டர். சறுக்கியது நிலத்தில். பல லட்சம் ஏக்கரைக் கடனுக்கு வளைத்துப் போட்டார். அவர் சீட்டுக்குக் கூட்டாளி நிக்கல்சன் ஜாமீன், நிக்கல்சன் சீட்டுக்கு இவர் ஜாமீன். ஒரே பள்ளத்தில் இரண்டு கால். நம்பியிருந்த ஐரோப்பியப் பணம் அங்கே நடந்த போரால் வரவில்லை, வட்டியும் வரியும் நிற்கவில்லை. 1798-ல் கடனாளிச் சிறை. வாஷிங்டன் அங்கேயே போய் அவரோடு சாப்பிட்டார். 1801-ல்தான் விடுதலை, அதுவும் புதிய திவால் சட்டத்தின் புண்ணியத்தில்.