சுங்கை சிப்புட்லேர்ந்து ராக்கி மலைக்கு: பனி திறக்கிற தேதியப் பாத்து போட்ட பிளான்

நாங்க மலேசியா, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட். எங்கம்மா முப்பத்திரெண்டு வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க (மரத்தக் கீறி பால் எடுக்கறது), விடியக்காலைல நாலரைக்கு எழுந்து தலைல லைட்டக் கட்டிக்கிட்டு தோட்டத்துக்குள்ள போனா வெயில் ஏறினப்புறம்தான் வீடு. அவங்களுக்குத் தெரிஞ்ச குளிர்னா அந்த விடியக்காலை ஈரமும், எப்பவாச்சும் கேமரன் மலைக்குப் போனா அங்க அடிக்கிறதும்தான். 2024 தீபாவளிக்கு டிவில ஏதோ ஐஸ் மலையக் காட்டினப்ப, "அது கையில எடுத்தா பிரிஜ்ஜு ஐஸ் மாதிரி இருக்குமா, இல்ல அரிசி மாவு மாதிரி இருக்குமா"ன்னு கேட்டாங்க. யாருக்கும் பதில் தெரியல. என் மச்சான் (வைஃபோட அண்ணன், செம்பனை எண்ணெய் ஆலைல சார்ஜ்மேன், அதாவது கரண்ட் வேலை பாக்கறவர்) உடனே "போய் பாத்துட்டா போச்சு லா அத்தை"ன்னு சொல்லிட்டு முறுக்க எடுத்துக் கடிச்சாரு. அவரு சும்மா சொன்னாரு, நான்தான் அதப் புடிச்சுக்கிட்டேன்.

நாலு பேரு: அம்மா, நான், வைஃப், மச்சான். இடம் கனடா ராக்கி மலை. பான்ஃப், ஜாஸ்பர், யோஹோ, கூட்னி, நாலு தேசியப் பூங்காவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, கால்கரில இறங்கி காடி (கார்) எடுத்தா 130 கிலோமீட்டர் சுமாருக்கு பான்ஃப் வந்துடும், அதனால ஒரே காடில சுத்தி வந்துடலாம்.

முதல் தப்பு தேதில. மே கடைசி வாரம்னு போட்டுட்டேன், ஏன்னா நமக்கு லீவு கிடைக்கிற நேரம் அது, அதோட அங்க அப்ப சம்மர் ஆரம்பிச்சிடும்னு நெனப்பு. ரெண்டு நாள் உக்காந்து படிச்சப்பதான் புரிஞ்சுது, மலைல சம்மர்ங்கறது காலண்டர்ல வர்றதில்ல. லேக் லூயிஸ் ஐஸ் உருகி தண்ணியா மாறவே ஜூன் முதல் வாரம் ஆயிடும். மொரேன் லேக் ரோடு ஜூன் மாசம்தான் தொறக்கும், அதுவும் 2023லேர்ந்து சொந்தக் காடி உள்ள விடறதில்ல, பஸ்ஸுதான். யோஹோல டக்காக்கா அருவிக்குப் போற ரோடு ஜூன் நடுவுலயோ கடைசிலயோதான் தொறப்பாங்க. ரொம்ப உயரத்துல இருக்கிற நடைபாதைங்க ஜூலை வரைக்கும் பனிக்குள்ளயே கிடக்கும். நான் பிளான் போட்ட தேதில போயிருந்தா டூர் போஸ்டர்ல இருக்கிற நீலப்பச்சை ஏரிய வெள்ளையா பாத்துட்டு வந்திருப்போம், தண்ணியே தெரியாம.

அந்தக் கலர் எப்படி வருதுங்கறதும் அப்பதான் படிச்சேன். பனியாறு பாறைய அரைச்சு அரைச்சு மாவு மாதிரி பண்ணிடுது, அது உருகுற தண்ணியோட ஏரிக்குள்ள வந்து மிதக்குது, வெளிச்சம் பட்டா நீலமும் பச்சையும் திரும்பி வருது. அதாவது உருக ஆரம்பிச்சாதான் கலரு. ஆனா அம்மாவுக்குப் பனியும் வேணும். ரொம்ப லேட்டா போனா ரோட்டோரத்துல பனியே இருக்காது, சீக்கிரம் போனா ஏரி இருக்காது, ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற இடைவெளி ஜூன் நடுவுல ஒரு ரெண்டு வாரம்தான். அதனால என் லீவப் பாத்து பிளான் பண்றத விட்டுட்டு எந்த ரோடு எப்பத் தொறக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிஜ்ஜுல ஒட்டிட்டு, அதுலேர்ந்து பின்னாடி எண்ணி லீவு கேட்டேன். 2025 ஜூன் 13 டு 22. சூப்பர்வைசர் முகத்தப் பத்தி இங்க எழுத வேணாம்.

விசா. நமக்கு கனடாவுக்கு விசிட்டர் விசா வேணும், ஆன்லைன்ல போட்டு கோலாலம்பூர் போய் கைரேகை குடுக்கணும். ஆளுக்கு விசா 100 கனடா டாலர், கைரேகைக்கு 85, நாலு பேருக்கு 740, நம்ம காசுக்கு அப்ப 2,300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல வந்துச்சு. காசு கூடப் பரவால்ல, எங்கள மாட்ட வச்சது பேருதான். ஃபார்ம்ல குடும்பப் பேரு தனி, சொந்தப் பேரு தனி. நமக்கு ஏது குடும்பப் பேரு? ஏஎல் (மகன்), ஏபி (மகள்) போட்டு அப்பா பேருதான். நான் முதல்ல அப்பா பேரயெல்லாம் குடும்பப் பேரா போட்டு நிரப்பினேன், பாத்தா எனக்கு எங்கப்பா, அம்மாவுக்கு எங்க தாத்தா, வைஃபுக்கும் மச்சானுக்கும் அவங்க அப்பா, ஒரே வீட்டுலேர்ந்து போற நாலு பேருக்கு மூணு குடும்பப் பேரு. சேவ் பண்ணிட்டு தூங்கிட்டேன், நல்லவேளை அனுப்பல. மறுநாள் ஃபார்மோட விளக்கத்த முழுசா படிச்சா தெளிவா எழுதியிருக்கு, பாஸ்போர்ட்ல குடும்பப் பேருன்னு தனியா இல்லைன்னா முழுப் பேரயும் குடும்பப் பேரு கட்டத்துலயே போடு, இன்னொரு கட்டத்த காலியா விடுன்னு. எல்லாத்தயும் அழிச்சு மறுபடி போட்டேன். நம்ம ஆளுங்க யாராச்சும் போடறதா இருந்தா இத மட்டும் மறந்துடாதீங்க, பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே.

அம்மாவுக்கு சம்பளச் சீட்டு இல்ல. அதனால நான் செலவு ஏத்துக்கறேன்னு ஒரு கடிதம், என்னோட ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை இடத்துல லீவு குடுத்த கடிதம், அம்மா பேர்ல இருக்கிற வீட்டு கிராண்ட் (பட்டா) காப்பி, நாள் நாளா எங்க தங்கறோம்னு ஒரு பக்கம் எழுதினது, எல்லாம் சேத்து ஜனவரில அனுப்பினேன். எங்களுக்கு ஏழு வாரத்துல வந்துச்சு. விசா வர்ற வரைக்கும் டிக்கெட்டு வாங்கல, கேன்சல் பண்ணக் கூடிய ரூம் மட்டும் புக் பண்ணி வச்சேன்.

டிக்கெட்டுல இன்னொரு குழி இருந்துச்சு. ரொம்ப மலிவா ஒண்ணு காட்டுச்சு, வைஃப் வாங்கிடு வாங்கிடுன்னா, பாத்தா நடுவுல அமெரிக்கால மாறணும். அமெரிக்கால விமானம் மாறறதுக்கே நமக்கு விசா கேப்பாங்க, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராட்டாலும். அந்த மலிவு மலிவே இல்ல. தோக்கியோ வழியா எடுத்தோம்.

மொரேன் லேக் பஸ்ஸுக்கு ஏப்ரல் நடுவுல புக்கிங் தொறந்தாங்க, அங்க காலைல எட்டு மணி, நமக்கு ராத்திரி பத்து. ஏப்ரல் மாச சுங்கை சிப்புட் எப்படி இருக்கும்னு தெரியும்ல, சாயங்காலம் கறுத்துக்கிட்டு வந்து இடி இடிச்சு ஊத்தும். ஒன்பதரைக்கே உக்காந்துட்டேன், நானும் மச்சானும் ஆளுக்கு ஒரு லேப்டாப்பு, வைஃப் ஃபோன்ல. பத்துக்கு வரிசை நம்பர் வந்துச்சு, பல்லாயிரத்துக்கு மேல. பத்தேகாலுக்கு ஒரு இடி, கரண்ட் போச்சு. மச்சான் ஓடிப்போய் மெயின பாக்கறாரு, தெருவே இருட்டு. ஃபோன் டேட்டால மறுபடி நுழைஞ்சப்ப எங்க தேதிக்கு ஒண்ணும் இல்ல. அம்மா இருட்டுல உக்காந்துக்கிட்டு "பஸ்ஸுக்கா இவ்வளவு"ன்னாங்க.

ஆனா மொத்த சீட்டுல ஒரு பங்குதான் ஏப்ரல்ல குடுக்கறாங்க, பெரிய பங்க போற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி அங்க காலைல எட்டு மணிக்குத் தொறக்கறாங்க. அப்ப நாங்க அங்கயே இருப்போம், நல்ல வைஃபை, இடியும் இல்ல. ஜூன் 14 காலைல மோட்டல் கட்டில்ல உக்காந்து 16ஆம் தேதிக்கு நாலு சீட்டு எடுத்துட்டோம், அஞ்சு நிமிஷ வேலை.

தங்கற இடத்துக்குப் பூங்காவுக்குள்ள விலைய பாத்து மயக்கம் வந்துச்சு. பான்ஃபுக்கு வெளிய கான்மோர்ல நாலு ராத்திரி, யோஹோ பக்கம் கோல்டன்ல மூணு. ஜாஸ்பர்தான் யோசனை. 2024 ஜூலைல அங்க காட்டுத்தீ வந்து ஊர்ல கட்டடம் மூணுல ஒரு பங்கு எரிஞ்சு போச்சு, ரூம் கம்மி, இருக்கறதும் வீடு இழந்தவங்களுக்கும் கட்டட வேலைக்கு வந்தவங்களுக்கும் தேவை. கிழக்கே 80 கிலோமீட்டர் தள்ளி ஹின்டன்ல ஒரு ராத்திரி போட்டோம். ஜாஸ்பர் போகவே வேணாமான்னும் பேசினோம், ஆனா போய் நாலு கடைல சாப்பிட்டா அவங்களுக்கும் நல்லதுதானேன்னு மச்சான் சொன்னாரு.

லெசனுக்கு (டிரைவிங் லைசென்ஸ்) ஜேபிஜேல, அதாவது நம்ம ரோடு போக்குவரத்து இலாகால, இன்டர்நேஷனல் பெர்மிட், ஒரு வருஷத்துக்கு 150 வெள்ளி. காடிக்கு ஓட்டறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க, டெபிட் கார்டு கொண்டுபோய் நிக்காதீங்க. அங்க வலது பக்கம் ஓட்டணும்ங்கறத எல்லாரும் சொன்னாங்க, சிக்னல் குச்சியும் வைப்பர் குச்சியும் இடம் மாறி இருக்கும்னு யாரும் சொல்லல. முதல் நாள் பூரா ஒவ்வொரு முக்குலயும் நாங்க மழையில்லாம வைப்பர் போட்டுக்கிட்டுத் திரும்பினோம்.

அப்புறம் ரைஸ் குக்கர். அம்மா தன்னோட குக்கர துணியில சுத்தி பெட்டில வச்சுட்டாங்க, சோறு இல்லாம பத்து நாளான்னு. மச்சான் பாத்துட்டு எடுத்து வெளிய வச்சாரு. "அத்தை, நமக்கு 240 வோல்ட்டு, அங்க 120. பாதி வோல்ட்டுல சூடு பாதி இல்ல, கால்வாசிதான் வரும். சோறு வேகாது, ஊறும்"னாரு. அம்மா நம்பல. முப்பது வருஷமா கரண்ட் வேலை பாக்கறவர் சொல்றாரேன்னு நான் சொன்னேன், "அவரு ஆலைக்குத்தான் பாக்கறாரு, குக்கருக்கா பாக்கறாரு"ன்னாங்க. கடைசில கால்கரில இறங்கின அன்னைக்கே ஒரு சின்ன குக்கர் வாங்கினோம், வடகிழக்குப் பக்கம் நம்ம ஆளுங்க மளிகைக் கடை நெறைய இருக்கு, அரிசி பருப்பு எல்லாம் அங்கயே. நெத்திலி சம்பல் மட்டும் இங்கேர்ந்து, கஸ்டம்ஸ்ல சாப்பாடு இருக்குன்னு ஒழுங்கா சொல்லிட்டு. பாதிச் செலவு இதுலதான் மிச்சம்.

கரடி கிட்ட வந்தா அடிக்கிற கரடி ஸ்பிரே விமானத்துல கொண்டுபோக முடியாது, அங்கதான் வாங்கணும், பெட்டில வைக்காம இடுப்புல மாட்டணும். கரடி, ஓநாய்க்கெல்லாம் 100 மீட்டர் தள்ளி நிக்கணும், மானுக்கும் எல்க்குங்கற பெரிய மானுக்கும் 30. ஜூன்ல எல்க் குட்டி போடற நேரம், தாய் எல்க் கரடிய விட மோசம்னு எழுதியிருந்தத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், "குட்டியோட இருந்தா காட்டுப்பன்னி கூட அப்படித்தான், இத சொல்லியா குடுக்கணும்"னாங்க. பான்ஃப் ஹைவேல மிருகங்க கடக்கறதுக்குன்னே ரோட்டுக்கு மேல மரம் நட்ட பாலம் ஆறு இருக்கு, ரெண்டு பக்கமும் வேலி. மச்சான் ஒவ்வொண்ணுக்கும் தலைய நீட்டிப் பாத்தாரு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், அன்னையர் தினத்தன்னைக்கு இங்க மலேசியால கெரிக் ஜெலி ரோட்டுல யானைக்குட்டி லாரிக்கடில போச்சு, தாய் யானை லாரிய விட்டு நகரல. காடிக்குள்ள கொஞ்ச நேரம் யாரும் பேசல.

ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, லேக் லூயிஸ்லேர்ந்து ஜாஸ்பர், 232 கிலோமீட்டர். கிட்டத்தட்ட இங்கேர்ந்து கோலாலம்பூர் போற தூரம், ரெண்டரை மணி நேரம்னு கணக்கு போட்டீங்கன்னா அழிச்சுடுங்க, எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆச்சு. ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்தத் தோணும். நடுவுல பெட்ரோல் ஒரே ஒரு இடம், சஸ்காச்சுவன் கிராசிங், விலை குத்தும், அதனால லேக் லூயிஸ்லயே நிரப்பிடுங்க. ஃபோன் லைன் கிடையாது, மேப்ப முன்னாடியே இறக்கி வைங்க. இருட்டிடும்னு பயப்பட வேணாம், ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம், அம்மா சாமி கும்பிடற நேரமே குழம்பிப் போச்சு.

பேய்ட்டோ லேக் பாக்கப் போற பாதைல, போ சம்மிட்ங்கற மேட்டுல, மரத்தடில பனி இன்னும் கிடந்துச்சு. அம்மா சால்வைய ஒரு கையில இடுக்கிக்கிட்டு குனிஞ்சு ஒரு புடி எடுத்தாங்க, விரலால நசுக்கிப் பாத்தாங்க. "மாவும் இல்ல ஐஸும் இல்ல, சீனி." அப்புறம் கைய சேலைல தொடச்சுக்கிட்டு நடந்தாங்க, அவ்வளவுதான், நான் வீடியோ எடுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பழைய பனி உருகி உறைஞ்சு அப்படி மணல் மணலா ஆயிடுமாம், புதுசா விழுந்ததுதான் மாவு.

சொதப்பினதும் இருக்கு. டக்காக்கா அருவிய கடைசிக்குத் தள்ளி வச்சோம், ரோடு தொறக்க டைம் குடுக்கலாம்னு, அன்னைக்குப் பாத்து காலைலேர்ந்து கொட்டித் தீத்துடுச்சு. பான்ஃப் பக்கம் வருஷத்துலயே அதிக மழை ஜூன்லதான்னு தெரிஞ்சும் மழை நாளுக்குன்னு ஒரு நாள் ஒதுக்கல நான். எமரால்டு லேக்க குடைக்கடில பாத்துட்டு ரூமுக்கு வந்து ரசம் வச்சுச் சாப்பிட்டோம். பூங்கா பாஸுக்கு வேற காசு கட்டினோம், ஒரு காடிக்கு ஏழு பேர் வரைக்கும் ஒரே பாஸுதான், நியாயமான விலைதான், ஆனா நாங்க உள்ள இருக்கும்போதே ஜூன் 20லேர்ந்து செப்டம்பர் 2 வரைக்கும் எல்லாருக்கும் இலவசம்னு ஆக்கிட்டாங்க. மச்சான் ரெண்டு நாள் அதயே சொல்லிக்கிட்டு வந்தாரு.

கரடி ஸ்பிரேய பக்கத்து ரூம் ஆளுங்ககிட்ட குடுத்துட்டு வந்தோம். குக்கரயும் குடுத்துடலாம்னேன், அம்மா விடல, காசு போட்டு வாங்கினதுன்னு துணியில சுத்தி பெட்டில வச்சுட்டாங்க. 120 வோல்ட்டு குக்கர இங்க 240ல சொருகினா என்ன ஆகும்னு, நடுவுல வோல்ட்ட குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு மச்சான் ஏர்போர்ட் வரைக்கும் விளக்கிப் பாத்தாரு. இப்ப அது சமையல்கட்டு ஷெல்ஃபுல இருக்கு, அம்மா அவர பாக்கும்போதெல்லாம் அந்த டிரான்ஸ்ஃபார்மர் என்னாச்சுன்னு கேக்கறாங்க.