நீராணி இல்லாத இரண்டு ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கணினி விளையாட்டுகளுக்குக் கதையும் வசனமும் எழுதித் தரும் சிறு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. கதை எழுதுவது என் பொறுப்பன்று; எழுதிய கதை தனக்குத்தானே முரண்படாமல் பார்த்துக்கொள்வதே என் பொறுப்பு. முதல் பகுதியில் இடது கண் பார்வையற்றவராக வரும் கிழவர் ஐந்தாம் பகுதியில் அதே கண்ணைச் சிமிட்டினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நான் விட்ட பிழை ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை.

கதைக்களம் கற்பனையான மலைநாடு. ஏழு ஊர்களுக்கு ஒரே ஏரி; அந்த ஏரியின் மடைத் திறவுகோல் யாரிடம் இருக்கிறதோ அவரே தலைவர். என்னிடம் வந்த முதல் வரைவில் இத்தலைமையைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: தலைவர் இறந்தால் மூத்த மகன் தலைவர். இது எனக்குச் சப்பென்று இருந்தது. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க்கரையில் வளர்ந்த எனக்கு, தலைமுறை தலைமுறையாக மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சியவர்களைத் தெரியும். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் அவர்களுக்குப் பெயர் மாறும். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள்; நீரைப் பங்கிடுபவருக்குச் சொந்த வயல் இல்லாமல் இருந்ததே அவர்களுடைய நடுநிலைக்கு ஒரு காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறுவடையில் அவர்களுக்கு நெல் அளந்தார்கள், அதிகாரத்தை அளக்கவில்லை. கற்பனை நாட்டிலாவது அவர் தலைவராக இருக்கட்டுமே என்று எண்ணி, ‘நீராணி’ என்ற சொல்லை நான் முன்மொழிந்தேன். (முதலில் ‘மடையர்’ என்றுதான் எழுதினேன். அடுத்த நொடியே அடித்துவிட்டேன். தமிழர் யாரும் அந்தத் தலைவரை மதிக்கப்போவதில்லை.)

சொல் ஏற்கப்பட்டது. ஆனால் எங்கள் கணக்கர் அதை ‘நீர் ராணி’ என்று கேட்டிருக்கிறார். நான்கு தலைமுறைகளாக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதியில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்த அவருக்குத் தமிழ் பேச வராது என்றாலும், ராணி என்றால் என்ன என்பது திரைப்படங்கள் வழியாகத் தெரியும். அவர் சொன்ன விளக்கத்தைக் கேட்டு ஓவியர் ஒரு பெண்ணை வரைந்தார். தலையில் மகுடமும் வைத்தார். மகுடத்தை எடுக்கச் சொன்னேன், பெண்ணை எடுக்கச் சொல்லவில்லை. அந்தக் கணக்கரின் குடும்பப் பெயர் படையாச்சி. அது படையை ஆண்டவர்களுக்குரிய பட்டம் என்று நான் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு படையாட்சி, நாயக்கர், முதலி முதலிய பட்டங்களும் கப்பலேறி வந்து, இன்று இங்குள்ள தொலைபேசிப் பட்டியல்களில் வெறும் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. பரம்பரை மாறாமல் இறங்கி வருகிறது, பதவியைத்தான் காணவில்லை.

அடுத்து, பட்டம் யாருக்குப் போகும் என்ற கேள்வி. தமிழில் மகனின் மகன் ‘பெயரன்’. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். சோழர்களும் ராஜகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை அரியணைக்கு வந்தவர்களுக்கு மாறி மாறிச் சூட்டினார்கள். ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி, ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் மறுபடி ராஜகேசரி. இவ்விரண்டையும் மனத்தில் வைத்து, நீராணிப் பட்டம் பிள்ளைகளுக்குப் போகாது, பாட்டியிடமிருந்து பேத்திக்கே போகும் என்ற விதியை எழுதினேன். இடைத்தலைமுறை திறவுகோலைக் காக்கலாம், பெயரைச் சூடக்கூடாது. எனக்கு அதில் சிறிது கர்வமும் இருந்தது.

பிழை ஒலிப்பதிவு நாளன்று வெளிப்பட்டது. பட்டத்துக்குரிய சிறுமிக்கு வயது ஒன்பது. பாட்டி இறந்து பதினோரு ஆண்டுகள். இரண்டு எண்களும் நான் சரிபார்த்துக் கையொப்பமிட்ட அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில்தான் இருந்தன. பாட்டி இறந்த அன்று பேத்தி பிறக்கவே இல்லை. கண்டுபிடித்தவர் ஜூலு மொழி வசனங்களைக் கவனிக்கும் மூத்த சக ஊழியர். அலுவலகத்தில் அனைவரும் அவரை ‘மா’ என்றே அழைப்போம். ஒன்பதைப் பன்னிரண்டாக்கிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றார் மேலாளர். நானும் அழிப்பானை எடுத்துவிட்டேன். மா தடுத்தார். “அந்த இரண்டு வருஷம் யார் மடையைத் திறந்தது? அதைச் சொல்லுங்கள், பிறகு வயதை மாற்றலாம்” என்றார்.

ஜூலு மக்களிடையே வாழும் எவருக்கும் அது கற்பனைக் கேள்வியன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஜூலு அரசராக இருந்த குட்வில் ஸ்வெலிதினி 2021 மார்ச் 12 அன்று இறந்தார். இடைக்காலப் பொறுப்பை ஏற்ற அரசி மன்ட்ஃபோம்பி ஏப்ரல் 29 அன்று, ஏழு வாரம் கூட நிறையாத நிலையில், இறந்தார். அவருடைய மகன் மிசுசுலுவே அடுத்த அரசர் என்று அறிவிக்கப்பட்டபோது அரச குடும்பத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. குடியரசுத் தலைவரிடமிருந்து அவர் அங்கீகாரச் சான்றிதழைப் பெற்றது 2022 அக்டோபர் 29 அன்று, எங்கள் அலுவலகத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மோசஸ் மபிடா விளையாட்டரங்கில். அந்த அங்கீகாரம் வழங்கப்பட்ட முறை செல்லாது என்று 2023 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலு மொழியில் அரசர் ‘இறந்தார்’ என்று சொல்வதில்லை, ‘குனிந்தார்’ என்பார்கள். அவரைப் புதைப்பதுமில்லை, ‘நடுவார்கள்’ என்று மா விளக்கினார். நட்டது முளைப்பதற்குள் ஒரு காலம் இருக்கிறது, அக்காலத்தைப் பற்றி உன் விதியில் ஒரு சொல்லும் இல்லை என்பதே அவருடைய குறை.

நான் சோழர்களைத் துணைக்கு அழைத்தேன். 1054இல் கொப்பம் போர்க்களத்தில் ராஜாதிராஜன் யானை மேலிருந்தபடியே மடிந்ததும், அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அந்தக் களத்திலேயே முடிசூடிக்கொண்டான்; ஒரு நாள் கூட அரியணை காலியாக இருக்கவில்லை என்றேன். “போர்க்களத்தில் அவனோடு ஒரு படையே நின்றது. உன் கதையில் நிற்பது ஒரு மகள்” என்றார் மா. பதில் சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

வயதை மாற்றவில்லை. மூன்று வாரங்கள் அந்த இரண்டு ஆண்டுகளை மட்டுமே எழுதினோம். மேலாளருக்கு இன்றளவும் அதில் மனத்தாங்கல் உண்டு. நான் வெறும் இடைத்தலைமுறை என்று ஒரு வரியில் கடந்துபோயிருந்த தாய், கதையின் நடுவுக்கு வந்தாள். திறவுகோல் அவளிடம் இருக்கிறது, பட்டம் இல்லை. மடை திறக்கும் ஒவ்வொரு நாளும், எந்த உரிமையில் திறக்கிறாய் என்று கீழ்மடை ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். ஏழு ஊர்களும் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நலம் விசாரிப்பவர்கள் உண்மையில் விசாரிப்பது தங்கள் வயலுக்கு நீர் எப்போது என்பதைத்தான். முதல் வரைவின் மூத்த மகன் விதியில் இவள் பிறந்திருக்கவே மாட்டாள். என் பெயரன் விதியிலும், அட்டவணை பிழையில்லாமல் இருந்திருந்தால், பெயரில்லாமலே போயிருப்பாள்.

ஒரு சிக்கல் மட்டும் இறுதிவரை தீரவில்லை. ஊரார் அவளை எப்படி விளிப்பது? நீராணி என்று அழைக்க முடியாது. தலைவர் வீட்டுப் பெண்ணை, அதுவும் மடை திறப்பவளை, பெயர் சொல்லியும் அழைக்க மாட்டார்கள். வசனம் பேச வந்த நடிகர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். விளி வரவேண்டிய இடத்தில் அரை நொடி தயங்கிவிட்டுப் பேசுமாறு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒலித்தொகுப்பாளர் அந்தத் தயக்கங்களைப் பதிவுக் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். மாவும் நானும் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேடித் திரும்பச் சேர்த்தோம்.