பதினேழு அங்குலத்தில் வந்த வம்பு

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் லீக்கில் நான் அம்பயராக மாட்டிக்கொண்டது என் பையனால்தான். ஒருநாள் அவன் ஆட்டத்துக்கு அம்பயர் வரவில்லை, சரி என்று போய் நின்றேன். அவன் பேஸ்பாலை விட்டு இரண்டு வருடமாகிறது, நான் இன்னும் ஹோம் பிளேட்டுக்கு, அதாவது பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த தட்டுக்கு, பின்னால் குனிந்துகொண்டிருக்கிறேன். பந்தைப் பார்த்து பால் (விலகி வந்த பந்து), ஸ்ட்ரைக் (சரியாக வந்த பந்து) என்று சொல்வதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. மைதானங்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தன.

பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு பேஸிலிருந்து (ஓடுபவர் தொட வேண்டிய மூலைக்குறி) அடுத்த பேஸ் 60 அடி. பிட்சர், அதாவது பந்தை வீசுபவர், கால் வைக்கும் ரப்பர் பட்டை, ஹோம் பிளேட்டிலிருந்து 46 அடி. பெரியவர்களுக்கு இதுவே 90 அடி, 60 அடி 6 அங்குலம். பூங்கா மைதானத்தில் எல்லா வயதினரும் ஆடுவதால், பேஸைச் செருகும் குழாய்களை 60, 70, 90 என்று மூன்று தூரங்களில் மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் யாராவது முதல் பேஸை 70-இல் செருகிவிடுவார்கள். அதனால் காரில் எப்போதும் 100 அடி டேப் ஒன்று கிடக்கும். ஹோம் பிளேட்டின் முனையிலிருந்து இரண்டாம் பேஸின் நடுவுக்கு 84 அடி 10¼ அங்குலம் இருக்க வேண்டும், முதல் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் 60. இவ்வளவும் அளக்க ஐந்து நிமிடம் போதும்.

அளந்து திருத்த முடியாதவையும் உண்டு. வேலிக்கு அடியில் நாய் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும், இடது பக்கம் ஓக் மரக் கிளை உள்ளே நீண்டிருக்கும். ஆட்டத்துக்கு முன் இரண்டு மேனேஜர்களையும் பிளேட்டருகே நிறுத்தி அவற்றுக்கு விதி பேசிக்கொள்வோம். பந்து வேலிக்கு அடியில் போய்விட்டால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்க வேண்டும், எல்லாருக்கும் இரண்டு பேஸ். கையைத் தூக்காமல் பந்தை எடுக்கப் போனால் ஆட்டம் தொடரும். தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதிதா என்ன? பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள் போனால் அவுட், சுவரில் பட்டு வந்ததைப் பிடித்தால் அவுட் இல்லை என்று தினமும் பேசி முடிவு செய்தவர்கள்தானே நாம்.

அமெரிக்காவின் தொழில்முறைப் பெரிய லீக்கிலேயே வேலியைப் பற்றி அவ்வளவு கறார் கிடையாது. 1958 ஜூன் 1-க்குப் பிறகு கட்டும் மைதானங்களில் ஓரக் கோடு முடியும் இடத்து வேலி ஹோம் பிளேட்டிலிருந்து குறைந்தது 325 அடியில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே 1958-இல்தான் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்துக்குக் குடிவந்தது. அங்கே இடது ஓரம் 251 அடிதான். அடிப்பதெல்லாம் வேலியைத் தாண்டி ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) ஆகிவிடக் கூடாதே என்று 42 அடி உயரத்துக்கு வலை கட்டினார்கள். 2009-இல் திறந்த யாங்கி ஸ்டேடியத்தில் வலது ஓரம் இன்றும் 314 அடி. ஆனால் 90 அடியிலும் 60 அடி 6 அங்குலத்திலும் யாரும் கை வைப்பதில்லை.

நான் கோட்டை விட்டதும் அந்த இடத்தில்தான். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை பேஸ்களை எல்லாம் அளந்தேன். ரப்பரை மட்டும் அளக்கவில்லை. நீள ஆணி அடித்து இறுக்கியிருந்தது, அது எங்கே நகரப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

வெளியூர் அணியின் பிட்சர் போட்டதெல்லாம் பிளேட்டுக்கு முன்னால் குத்தி எழும்பியது. வரிசையாக வாக், அதாவது நாலு பால் ஆகி பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது. இரண்டு இன்னிங்ஸ் முடிந்தபோது உள்ளூர் அணி 4, அவர்கள் 0. அவர்களின் மேனேஜர் வந்து, "சார், ரப்பரைக் கொஞ்சம் அளந்து பாருங்கள்" என்றார். டேப்பை இழுத்தேன். 47 அடி 5 அங்குலம்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஹோம் பிளேட்டின் முன்விளிம்பிலிருந்து பின்முனை வரை 17 அங்குலம். தூரத்தைப் பின்முனையிலிருந்துதான் அளக்க வேண்டும். ரப்பரைப் பதித்த புண்ணியவான் முன்விளிம்பில் டேப்பை வைத்து 46 அடி அளந்திருக்கிறார்.

மேனேஜர் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். முடியாது என்றேன். தப்பு தெரிந்த இடத்தில் திருத்து, நடந்தது நடந்ததுதான், மேலே ஆடு என்பதுதான் இதற்கு வழக்கம். பேஸ்பாலின் உறவு ஆட்டமான சாஃப்ட்பாலின் விதிப் புத்தகத்தில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். "இரண்டு பிட்சர்களும் அதே ரப்பரிலிருந்துதானே போட்டார்கள்?" என்று கேட்டேன். "உள்ளூர்ப் பிள்ளைகள் வாரம் முழுக்க இங்கேதானே பயிற்சி எடுக்கிறார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி. ப்ரொடெஸ்ட், அதாவது முறையான ஆட்சேபம், பதிவு செய்வதாகச் சொன்னார். அடுத்த பந்து விழுவதற்கு முன் சொல்லிவிட்டதால் அது செல்லும். ஸ்கோர் புத்தகத்தில் இன்னிங்ஸ், ஸ்கோர், நேரம் எல்லாம் குறித்து இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

பிறகு ஒரு அப்பா காரிலிருந்து சுத்தியல் எடுத்து வந்தார். ஆணிகளைப் பிடுங்கி, ரப்பரை முன்னால் தள்ளி அடித்து, பழைய பள்ளத்தில் மண் கொட்டி மிதித்தோம். இருபது நிமிடம். பிள்ளைகள் அதற்குள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பித் தீர்த்தார்கள்.

மூன்றாவது இன்னிங்ஸில் வேடிக்கை. பழைய தூரத்துக்குப் பழகிய உள்ளூர்ப் பையனின் பந்தெல்லாம் இப்போது பேட்டரின் தலைக்கு மேல் போகிறது, கேட்சர் எம்பி எம்பிப் பிடிக்கிறான். மூன்று வாக், அப்புறம் ஒரு நல்ல அடி. அந்த மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பிளேட்டில் இல்லாத தூசியைப் பிரஷ்ஷால் துடைத்தேன். கடைசியில் வெளியூர் அணியினர் 7-6 என்று ஜெயித்தார்கள். ஜெயித்தவர் ப்ரொடெஸ்ட்டை ஏன் இழுக்கப் போகிறார்? பேச்சே வரவில்லை.

அன்றிரவு லீக் நிர்வாகத்துக்கு நடந்ததை எழுதினேன், ரப்பரை நான் அளக்காமல் விட்டதையும் சேர்த்து. மற்ற மூன்று மைதானங்களையும் அளந்துவிட முடியுமா என்று பதில் வந்தது. அடுத்த சனிக்கிழமை காலை டேப்போடு போனேன். இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவதில் முதல் பேஸின் குழாயையே காணவில்லை. ஸ்க்ரூடிரைவரால் புல்லைக் குத்திக் குத்திப் பார்த்தேன், நாலாவது குத்தில் டக்கென்று தட்டியது.