ஒரு யூரோ கம்பெனி ஆசை

வேலைய விட்டுட்டு பெர்லின்ல தனியா புரோகிராம் எழுதி பொழைக்கலாம்னு முடிவு பண்ணப்போ எனக்கு மொதல்ல வந்தது கம்பெனி ஆசை தான். ஜெர்மனில ஊகேன்னு (UG) ஒரு சின்ன கம்பெனி வகை இருக்கு, 2008ல கொண்டு வந்தது, ஒரு யூரோ முதல் போட்டா போதும். இந்த ஊர்ல ஒரு யூரோக்கு டீ கூட வராது! "எம்டி"ன்னு கார்டு அடிச்சு அம்மாக்கு போட்டோ அனுப்புற வரைக்கும் மனசுக்குள்ள ஓட்டிட்டேன்.

அப்புறம் உக்காந்து பாத்தா, நோட்டரிகிட்ட போகணும், ரிஜிஸ்டர்ல ஏத்தணும், வருஷா வருஷம் பேலன்ஸ் ஷீட் போடணும், அதுக்கு ஆடிட்டருக்கு தனியா அழணும், மூலதனம் 25,000 யூரோ ஆகுற வரைக்கும் லாபத்துல கால்வாசிய எடுக்காம ஒதுக்கி வைக்கணும். ஒரு யூரோல ஆரம்பிச்சா நோட்டரி பில் வந்த அன்னிக்கே கம்பெனி கடன்ல நிக்கும். கடன் வந்தா சொந்த சொத்துக்கு ஆபத்தில்லைன்னு சொல்வாங்க, சரி தான், ஆனா சின்ன கம்பெனிக்கு லோன் குடுக்குற பேங்க் எப்படியும் நம்ம சொந்த ஜாமீன் கையெழுத்த தான் கேக்கும். ரெண்டு கிளையண்டுக்கு கோடு எழுதுற எனக்கு தொழில் இன்சூரன்ஸே போதும்னு தோணிச்சு.

அப்போ மிச்சம் ரெண்டு வழி, ஃப்ரைபெரூஃப்ளர் இல்லன்னா கெவெர்ப. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், டிரான்ஸ்லேட்டர் மாதிரி ஆளுங்க மொத வகை, கடை கண்ணி வெச்சு விக்கிறவங்க ரெண்டாவது. மொத வகைக்கு தொழில் வரியும் இல்ல, வணிகர் சேம்பர் மெம்பர்ஷிப்பும் இல்ல. கெவெர்பன்னா பயப்படவும் வேண்டாம், வருஷ லாபம் 24,500 யூரோ வரைக்கும் தொழில் வரி கிடையாது, அதுக்கு மேல கட்டுறதும் பெரும்பாலும் வருமான வரில கழிஞ்சிரும்.

ஆனா நாம எந்த வகைன்னு முடிவு பண்றது நாம இல்ல, வரி ஆபீஸ். எல்ஸ்டர்ங்கிற வரி வெப்சைட் ஃபார்ம்ல "என்ன தொழில்"னு ஒரு கட்டம் இருக்கு, நான் பெருமையா "ஐடி சர்வீஸ்"னு அடிச்சு வெச்சிருந்தேன். இங்க பல வருஷமா ஃப்ரீலான்ஸ் பண்ற ஒரு அக்கா ஸ்க்ரீன்ஷாட்ட பாத்துட்டு உடனே போன் பண்ணாங்க.

"டேய், இப்படி எழுதுனா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைன்னு நெனச்சுப்பாங்க. நீ உக்காந்து என்ன செய்றியோ அத எழுது."

அழிச்சுட்டு சாஃப்ட்வேர் டிசைன், டெவலப்மென்ட்னு விளக்கமா எழுதுனேன், நான் படிச்ச இன்ஜினியரிங் டிகிரியையும் சேத்தேன். ஹோஸ்டிங் வாங்கி விக்கலாம்னு ஒரு ஐடியா இருந்துச்சு, அது வியாபாரம் ஆயிடும்னு அத அப்படியே விட்டுட்டேன். (வேலை விசால இருக்கறவங்க இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கிடுங்க.)

வரி நம்பர் லெட்டர் வர ஆறு வாரம் ஆச்சு. நம்பர் இல்லாம பில் போட முடியாது, மொத வேலைய முடிச்சு குடுத்துட்டு தினமும் காலைல கீழ எறங்கி போஸ்ட் பாக்ஸ தொறந்து பாத்துட்டு இருந்தேன், பிட்சா கடை நோட்டீஸா வந்துச்சு.